கிணற்றில் மிதந்த பீர்

பெங்களூரில் நான் வேலை பார்த்த பீர் தொழிற்சாலையை எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம் மூடினார்கள். அங்கே என் வேலை எண்ணுவது. பெல்ட்டில் ஓடிவரும் பாட்டில்களைக் கணக்கு வைப்பேன். லட்சக்கணக்கில் எண்ணியிருக்கிறேன். ஒரு பாட்டில்கூட நான் காய்ச்சியதில்லை.

கடைசி நாளன்று, சாக்குகளின் அடியில் தங்கிய மால்ட்டை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். வெளிர் நிறத்தில் இரண்டு படி, வெல்லப்பாகு நிறத்தில் அரைப்படி, காப்பிக்கொட்டைபோல வறுத்தது ஒரு கைப்பிடி கிடைத்தது. புளிக்க வைக்கும் ஈஸ்ட்டை ஒரு சோடா பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓசூர் வழியாக எங்கள் ஊரான மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறினேன். உள்ளே காற்று சேர்ந்து பாட்டில் வெடித்துவிடுமோ என்று வழியெல்லாம் மூடியைத் தளர்த்தித் தளர்த்தி மூடினேன்.

கசப்புக்கும் மணத்துக்கும் வேண்டிய ஹாப்ஸ் வீட்டிலேயே இருந்தது. உடன் வேலை செய்த ஃபிட்டர் குளிர்ப் பிரதேசத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த வேர், எங்கள் அவரைப் பந்தலில் ஏறி, செதில் செதிலாகப் பச்சைப் பூ விட்டிருந்தது. எண்பத்து மூன்று பூக்கள். பறித்து உலர்த்தி டப்பாவில் வைத்திருந்தேன்.

“ஆடுகூட மோந்துட்டுப் போயிடுதுங்க, இதைப் போயி டப்பாவுல போட்டு வெச்சிருக்கீங்க” என்பாள் மனைவி.

மால்ட் இனிக் கிடைக்காது. தப்பிப்போனால் இன்னொரு முறை கிடையாது. அந்தக் கவலையோடுதான் திருகையில் உடைத்தேன். வெந்நீரில் ஊறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, பூக்களைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். கொல்லையெங்கும் வறுத்த ரொட்டியும் நனைந்த புல்லும் கலந்த ஒரு வாசம் நின்றது. மாலை வெயில் அந்த வாசத்துக்குள்ளே மிதப்பதுபோல இருந்தது.

ஆறியதும் பால் கேனில் ஊற்றி ஈஸ்ட்டைச் சேர்த்தேன். மூடியில் செருகிய ரப்பர் குழாயின் மறுமுனை, கேனோடு கட்டிய ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் இருந்தது. புளிக்கும்போது வரும் காற்று அதில் குமிழி குமிழியாக வெளியேறும். லாகர் என்னும் இந்த வகை பீர் குளிரில் மெல்லப் புளிக்க வேண்டும். எங்கள் ஊரில் கிணற்றைவிடக் குளிர்ந்த இடம் இல்லை. கேனைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டு, படியில் உட்கார்ந்து குமிழிகளை எண்ணினேன். எண்ணிக்கை எங்கோ நழுவிப்போகும். குருவிகளின் நிழல் தண்ணீரில் விழுந்து கலையும். கிணறே மூச்சுவிடுவதுபோலத் தோன்றும்.

அது பங்காளிகள் மூன்று வீட்டுக்கும் பொதுக் கிணறு. ஒருவர் முறையில் மோட்டார் ஓடும்போது மற்றவர் கயிறோ குடமோ உள்ளே இருக்கக்கூடாது. கேன் தண்ணீர் எடுப்பதில்லையே என்று நான் விட்டுவிட்டேன். ஒரு நாள் பாலக்கோடு போய்த் திரும்பினால், கேன் கிணற்று மேட்டில் உச்சி வெயிலில் நின்றது. சித்தப்பா மகன் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான்.

“ஏம்ப்பா, இதை யாரு எடுத்தது?”

“நாந்தாங்ண்ணா. எம்முறையில உங்க கேன் உள்ள கெடந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க? உங்க பேரு கெடக்கூடாதுன்னு பத்திரமா மேல வெச்சேன்.”

கேனைத் தொட்டேன். சுட்டது. குழாயில் குமிழிகள் எண்ண முடியாத வேகத்தில் வந்தன. என் முகத்தைப் பார்த்து அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். மோட்டார் தண்ணீர் கொட்டும் தொட்டியில் இருவருமாகக் கேனை இறக்கினோம்.

“போச்சா?” என்றான்.

“தெரியலப்பா.”

அதன்பின் அவன் முறை வரும்போதெல்லாம் கேன் தொட்டியில் இருக்கும். மோட்டார் நின்றதும் அவனே மறுபடி கிணற்றில் இறக்கிவிடுவான்.

பொங்கல் கழிந்து திறந்தோம். டம்ளரில் ஊற்றியபோது நல்ல தேன் நிறம், மேலே மெல்லிய நுரை. மோந்து பார்த்தேன். வாழைப்பழ வாசம். வெயில் பட்ட அந்த ஒரு நாளின் வேலை. லாகரில் அது வரவே கூடாது.

சித்தப்பா மகன் ஒரே மூச்சில் குடித்தான். “ஏங்ண்ணா, பஞ்சாமிர்தத்துல வேப்பம்பூ போட்டீங்களா?”

மனைவி சிரித்தாள். “இதுக்குத்தான் போலீஸு வருமோன்னு ராத்திரியெல்லாம் பயந்து கெடந்தேன்!”

நான் குடித்தேன். முதலில் இனிப்பு, பிறகு நாக்கின் அடியில் என் பூக்களின் கசப்பு, எல்லாம் போனபின் அந்தப் பழ வாசம். கண்ணை மூடிக்கொண்டேன்.

“நல்லாத்தான் இருக்குது, ஆனா பீருன்னு மட்டும் வெளியில சொல்லாதீங்க” என்று அவன் டம்ளரை மறுபடி நீட்டினான்.

“பீருதாம்ப்பா,” என்று அதில் ஊற்றினேன். “நான் காய்ச்சினது.”