முரியல் எழுந்தால் நாடே எழும்

எங்கள் தெருவில் பத்தொன்பதாம் எண் வீட்டுக்காரர் க்ளிஃபர்ட் ஆர்மராட், தொலைக்காட்சி பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர். பொறாமைப்பட வேண்டாம். அத்தனை நகைச்சுவைத் தொடர்களைப் பார்த்தும் ஒருமுறைகூட அவர் சிரித்ததில்லை என்று அவர் மனைவி முரியலே சத்தியம் செய்வாள்.

அவருக்கு மின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. எல்லோருக்கும் பிடித்த தொடர் ஒன்று முடிந்ததும் நாடே எழுந்துபோய் டீக்கு மின்கெட்டிலைப் போடும். ஒரே நேரத்தில் பல லட்சம் கெட்டில்கள். அந்தக் கணத்தில் வேல்ஸ் மலைமேல் தேக்கி வைத்திருக்கும் தண்ணீரை மின்நிலையத்துக்குத் திறந்துவிட வேண்டும். தொலைபேசியில் "இப்போ!" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பிந்திச் சொன்னால் சுவரில் மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் பெரிய முள் ஐம்பதுக்குக் கீழே சரியும், ஊர் ஊராக விளக்கு அணையும். முந்திச் சொன்னால் முள் மேலே ஏறும், அதுவும் வம்புதான். அந்த "இப்போ"வைச் சொல்லும் நாற்காலி க்ளிஃபர்டுடையது.

எல்லோரும் அவரை மேதை என்றார்கள். ரகசியம் எனக்குத் தெரியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பிரிட்டனுக்கு முரியல் பதம். அவள் ஓட்டுப் போட்ட கட்சிதான் ஆட்சிக்கு வரும். அவள் கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிய மறுநாள் நாடே தும்மும். தொடர் நடக்கும்போது அவள் வீட்டுத் தொலைபேசியில் க்ளிஃபர்டைக் கூப்பிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் அப்படியே சோபாவுக்கடியில் வைத்துவிடுவாள். கட்டுப்பாட்டு அறையில் க்ளிஃபர்ட் அதன் மறுமுனையை இடது காதில் வைத்திருப்பார். அவள் எழும்போது சோபா ஸ்பிரிங் "க்ரீச்" என்று கத்தும். உடனே "இப்போ!" முள் ஐம்பதில் அடித்த ஆணிபோல நிற்கும்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஒரு கால்பந்துப் போட்டியின்போது முரியல் தூங்கிப்போனாள். இரண்டு ஊர்களில் விளக்கு மங்கிவிட்டது. புதிதாக வந்திருந்த மேலதிகாரி பெம்பர்ட்டன் க்ளிஃபர்டைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை தப்பு நடந்துச்சுன்னா, கீழ்த்தளத்துல மீட்டர் சோதிக்கிற வேலைதான் உனக்கு. வியாழக்கிழமை குடைக்கடைத் தொடரோட கடைசி பாகம். நானே வந்து பக்கத்துல நிக்கறேன்."

கீழ்த்தளத்தில் சன்னலே கிடையாது. பேச்சுத் துணைக்கு ஆளும் கிடையாது. க்ளிஃபர்டுக்கு ஓய்வுபெற இன்னும் எட்டு வருடம் இருந்தது.

குடைக்கடைத் தொடரைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆர்ச்சி அண்ணன், ஹில்டா தங்கை. இருவரும் சேர்ந்து நடத்தும் குடைக்கடை. கோப்பையில் பாலை முதலில் ஊற்றுவதா, டீயை முதலில் ஊற்றுவதா என்று ஆறு வருடமாக ஓயாத சண்டை. பால்தான் முதலில் என்பாள் ஹில்டா. "காட்டுமிராண்டி!" என்பான் ஆர்ச்சி. நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அந்த வியாழக்கிழமை முரியலோடு அதே சோபாவில் நானும் இருந்தேன். மடியில் பிஸ்கட் டப்பா.

"இதப் பாரு, நான் எழுந்திருக்காம நீ எழுந்திருக்கக் கூடாது, தெரியுதா? உன் எடைக்கு ஸ்பிரிங் கத்துச்சுன்னா க்ளிஃப் தண்ணியத் திறந்துடுவான்."

"என் எடைக்கு என்னடி?"

"ஒண்ணும் சொல்லல. பிஸ்கட்டை இப்படிக் குடு."

கடைசிப் பாகத்தில் ஹில்டா தன் ஐம்பத்தாறாம் வயதில் ஒரு ரொட்டிக்கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு கனடாவுக்குக் கிளம்புகிறாள். ஆர்ச்சி வழியனுப்பச் சொன்னது இவ்வளவுதான்: "டாக்ஸி வந்துடுச்சு. பெட்டிய மறந்துடாத." அவள் போய்விட்டாள். காலிக் கடையில் அவன் பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பைகளை எடுத்தான். பார்த்தான். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தான். தன் கோப்பையில் முதலில் பாலை ஊற்றினான். அப்புறம் டீ. ஒரு வாய் குடித்தான்.

"மோசமில்ல" என்றான்.

திரை இருண்டது. இசைகூட இல்லாமல் பெயர்கள் ஓடின.

முரியல் அசையவில்லை. நானும்தான். என் கையில் பாதி பிஸ்கட் ஈரமாகிக்கொண்டிருந்தது.

அதே நேரம் கட்டுப்பாட்டு அறையில் நடந்ததை, பிறகு கிறிஸ்துமஸ் விருந்தில் பெம்பர்ட்டன் வாயாலேயே கேட்டேன்.

"முடிஞ்சுதுய்யா! சொல்லு!"

"இன்னும் இல்ல சார்."

"பேரெல்லாம் ஓடுது பாரு!"

"எழுந்திருக்கல சார்."

"யாரு?"

"நாடு."

அப்போதுதான் பெம்பர்ட்டன், க்ளிஃபர்டின் இடது காதிலிருந்த தொலைபேசியைக் கவனித்தார்.

"அது யாரு லைன்ல?"

"என் வீட்டுக்காரி."

"வீட்டுக்காரியா! என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல சார். அதான் கவலையா இருக்கு."

பெம்பர்ட்டன் தொலைபேசியைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார். திட்டத்தான் வாயைத் திறந்தாராம். எதிர்முனையில் இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டு, மெதுவாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முள் ஐம்பதிலேயே நின்றது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் எங்கும் ஒரு கெட்டில்கூட முனகவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எனக்கோ கழிவறைக்குப் போக வேண்டும். முரியல் என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி கழித்து அவள் கைக்குட்டையைச் சுருட்டி வைத்தாள்.

"சரி. டீ போடலாமா?"

க்ரீச்.

"இப்போ!" என்று அலறியது க்ளிஃபர்ட் இல்லை, பெம்பர்ட்டன். க்ளிஃபர்ட் மலைக்குச் சொல்ல, தண்ணீர் இடிபோல இறங்கியது. முள் நடுங்கியது, அரை மூச்சு சரிந்தது, திரும்ப ஏறி ஐம்பதில் நின்றது. எங்கும் ஒரு விளக்குக்கூடக் கண் சிமிட்டவில்லை. அன்றைக்குக் கொதித்த தண்ணீரில் ஒரு கப்பலை மிதக்க விட்டிருக்கலாம். கப்பல் வெந்திருக்கும், அது வேறு விஷயம்.

க்ளிஃபர்ட் மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை துடைத்தாராம். தூசி என்றார். பிறகு நாள்குறிப்பேட்டைத் திறந்தார். 'தாமதத்துக்குக் காரணம்' என்று அதில் ஒரு கட்டம்.

"அழுகைன்னு எழுதவா சார்?"

"பைத்தியமா உனக்கு? அது அமைச்சகத்துக்குப் போற காகிதம்!" பெம்பர்ட்டன் எக்காளம் ஊதுவதுபோல மூக்கைச் சிந்தினார். "வானிலைன்னு போடு."

"வானிலையில என்னன்னு போட?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நாடு முழுவதும் லேசான ஈரப்பதம்."

க்ளிஃபர்ட் மணிமணியான கையெழுத்தில் அப்படியே எழுதினார். பெம்பர்ட்டன் கீழே கையொப்பமிட்டார். மீட்டர் அறையைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே இல்லை. மறுவாரம் அவர் க்ளிஃபர்டின் நாற்காலியருகே வந்து நின்று, யாருக்கும் கேட்காமல் மெல்லக் கேட்டாராம்: "வீட்டம்மா சௌக்கியமா? சளி கிளி பிடிக்காமப் பார்த்துக்கய்யா."