ஸ்காபரோவுக்குக் கேட்கும் எஞ்சின்

ஆறு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. இந்திரகுமார் காரின் பொனெற்றைத் தூக்கி நிறுத்திவிட்டு, தொலைபேசி அட்டையைச் சுரண்டி எடுத்த எண்ணை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி அழுத்துகிறார். எழுபத்தொரு நிமிடம் மிச்சம் என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் சொல்கிறாள். கனடாவில், ஸ்காபரோவில், மதியச் சாப்பாட்டு நேரம். மணி நாலு தரம் அடித்த பிறகு மறுமுனையில் ஒரு கரகரத்த குரல் "சொல்லு" என்கிறது. இந்திரகுமார் எதுவும் சொல்வதில்லை. தொலைபேசியை எஞ்சினுக்கு மேலே, சூடு படாத உயரத்தில், இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அமத்தும்!" என்று கார்க் கண்ணாடிக்குள் பார்த்துக் கத்துகிறார். சாரதி இருக்கையில் இருக்கும் மனைவி ராசமலர் அக்சிலேட்டரைக் காலால் அழுத்துகிறார். ஒஸ்லோவின் குரோருட் பகுதி அடுக்குமாடிகளின் சன்னல்கள் அதிர்கின்றன. தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி தொடங்கும் அந்த நேரம் பார்த்து இந்த மனிதன் இப்படிச் செய்கிறான் என்று குடியிருப்புச் சங்கத்துக்கு மூன்று கடிதம் போயிருக்கிறது. மூன்றுக்கும் இந்திரகுமார் மிகவும் பணிவாக மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதியிருக்கிறார். மறுநாளும் ஆறு மணிக்குப் பொனெற் திறக்கும்.

ஒரு நிமிடம் கழித்துத் தொலைபேசியைக் காதில் வைக்கிறார்.

"கேட்டதோ அண்ணை?"

"கேட்டது. இடப்பக்கம் எங்கையோ காத்து இழுக்குது. ஒரு ரியூப் வெடிச்சிருக்கும். அங்கை கிட்டக் கொண்டு போ. டேய், ஃபேனுக்குள்ளை விட்டிடாதை!"

அவருடைய கார் திருத்தப்படுவது இப்படித்தான். ஆறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து, காதால்.

கார் என்று நான் சும்மா சொல்லிவிட்டேன். அது 1970ஆம் ஆண்டு டொட்ஜ் சலஞ்சர். அமெரிக்காவில் இரத்தம் சூடேறிய இளைஞர்கள் சந்திக்குச் சந்தி பந்தயம் ஓடிய காலத்துச் சாமான். நீண்ட மூக்கு, குட்டைப் பின்புறம், குடிப்பதற்குப் பெற்றோல் போதாது என்று எப்போதும் ஒரு உறுமல். நிறம் கத்தரிப்பூ. தூரத்தில் அது வரும்போதே ஒஸ்லோத் தமிழர்கள் "கத்தரிக்காய் வருது" என்று வழி விடுவார்கள். மகள் சாருகாவுக்குப் பதினைந்து வயது. இந்தக் காரில் பள்ளிக்கூடத்து வாசலில் போய் இறங்குவதைவிட நடந்து போய்க் காய்ச்சல் வந்து படுப்பது நல்லது என்பது அவளுடைய கொள்கை. "அப்பா, தயவுசெய்து பெற்றோல் ஸ்டேசனிலேயே விடுங்கோ. நான் பஸ்ஸிலை வந்தது மாதிரி நடந்து போறன்."

இப்படி ஒரு காரை வைத்திருக்கிறவருக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் தெரியாது. ரயர் மாற்றத் தெரியாது. எண்ணெய் எந்த மூடியைத் திறந்து விடுவது என்பதில் இன்னும் அவருக்குச் சந்தேகம். அவர் ஓட்டுவது நிலக்கீழ் ரயில். அதில் ஏதாவது பிழை வந்தால் ஒரு பொத்தானை அழுத்திக் கதைத்தால் போதும், யாரோ ஒருவர் என்ன செய்வது என்று சொல்லுவார். பதினைந்து வருடமாக இதுதான் தொழில். ஆகவே தன் காரையும் அவர் அதே முறையில்தான் வைத்திருக்கிறார். ஒரே வித்தியாசம், இங்கே பதில் சொல்வது அவருடைய கூடப்பிறந்த அண்ணர் ஜெயரத்தினம்.

அந்த அண்ணர் பதினாலு வருடம் இவரோடு கதைக்கவில்லை.

கதை சின்னது. 1989இல் ஜெயரத்தினம் ஸ்காபரோவில் சொந்தமாக ஒரு கராஜ் போட்டார். ஊரில் இருந்த தம்பியைக் கூப்பிடுவதற்கு ஆளனுப்பும் முகவர் ஒருவனைப் பிடித்தார். தம்பிக்கென்று ஒரு அறைக்குச் சுண்ணம் அடித்து, ‘இந்திரன்’ என்று பெயர் தைத்த நீல மேலங்கி ஒன்றையும் கராஜில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். முகவர் தம்பியை ஒஸ்லோவரை கொண்டுவந்து, அடுத்த விமானச் சீட்டுக்கு இரண்டு கிழமை பொறுக்கச் சொன்னான். அந்த இரண்டு கிழமையில் ஒரு கோயில் மண்டபத்தில், கரண்டி கையோடு சாம்பார் ஊற்றிக்கொண்டு நின்ற ராசமலரை இந்திரகுமார் கண்டார். சீட்டு வந்தது. ஆள் ஏறவில்லை. அண்ணருக்கு ஒரு கடிதம் எழுதி, கலியாணப் படத்தையும் உள்ளே வைத்து அனுப்பினார். கடிதம் உடைக்கப்படாமல் திரும்பி வந்தது.

அதன் பிறகு நத்தார்ப் பண்டிகைக்குத் தொலைபேசி எடுத்தாலும் பொங்கலுக்கு எடுத்தாலும் குரலைக் கேட்டதும் மறுமுனை டக்கென்று வைக்கப்படும். தாய் செத்த அன்றுகூட அப்படித்தான். இந்திரகுமார் அந்த இரவு முழுக்கச் சமையலறைக் கதிரையில் இருந்து அழுதார் என்று ராசமலர் சொல்வார்.

2004 கோடையில் இந்தக் காரை வாங்கினார். ஏன் வாங்கினார் என்று கேட்டால் "நிறம் வடிவாய் இருந்தது" என்பார். வாங்கி ஒன்பதாம் நாள் அது ஸ்ட்ரோம்மன் அங்காடி வாசலில் நின்று போனது. சுற்றிலும் சனம். இந்திரகுமாருக்கு வேர்த்து ஊற்றியது. கை தானாகவே அந்த எண்ணை அழுத்தியது. அண்ணர் எடுத்தார். இவர் வழமை போல "அண்ணை, நான் இந்திரன்" என்று தொடங்காமல், "அண்ணை, அமெரிக்கன் கார் ஒண்டு ஸ்டார்ட் வருகுதில்லை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வைக்கிற சத்தம் வரவில்லை. பிறகு அண்ணர் பதினாலு வருடத்தில் முதல் வார்த்தை கதைத்தார்.

"என்ன எஞ்சின்?"

"முந்நூத்தி எண்பத்தி மூண்டு எண்டு எழுதிக் கிடக்கு."

"ம். திறப்பைப் போட்டு எனக்குக் கேட்கச் சுத்து."

ராசமலருக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. "என்னைக் கட்டினதுக்குப் பதினாலு வருசம் வாய் திறக்காத மனுசன், இந்தக் கத்தரிக்காயைக் கட்டினதுக்கெல்லோ வாய் திறந்தவர்" என்று நெளிப்புக் காட்டுவார். காட்டிவிட்டுப் போய்ச் சாரதி இருக்கையில் ஏறிக்கொள்வார். அக்சிலேட்டரில் அவருடைய கால்தான் எப்போதும். அமத்தச் சொன்னால் அமத்துவார், விடச் சொன்னால் விடுவார், ஒரு சொல் கதைக்க மாட்டார். அமத்துவது யார் என்று அண்ணர் ஒருநாளும் கேட்டதில்லை. இவரும் சொன்னதில்லை.

எஞ்சினைத் தவிர வேறு கதை அண்ணரிடம் எடுபடாது. ஒருமுறை புதுவருடத்துக்கு எடுத்துப் பார்த்தார். "கார் ஓடுதோ?" என்றது குரல். "இஞ்சை பனி அண்ணை, தெருவெல்லாம் உப்பு. மூடி வைச்சிருக்கு." "அப்ப என்னத்துக்கு எடுத்தனி?" டக். ஆனால் எஞ்சின் சத்தத்துக்கு இடையே அங்கிருந்து ஏதாவது கசியும். "கொஞ்சம் பொறு, சுகர்க் குளிசை ஒண்டு போட்டிட்டு வாறன்" என்பார். அண்ணருக்கு நீரிழிவு என்பது அப்படித்தான் தெரிந்தது. இன்னொரு நாள் பின்னால் குழந்தை அழுதது. பேரப்பிள்ளை போல. அன்று இந்திரகுமார் மேலே வந்து, "அண்ணை தாத்தாவாகிட்டார்" என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு, கேசரி கிண்டச் சொன்னார்.

தன் கார்களைப் பக்கத்துக் கராஜில் நிறுத்தும் அயலவர் டாக்பின்னுக்கு இது ஒன்றும் விளங்காது. ஓய்வுபெற்ற நோர்வே மனிதர், தலையில் மயிரைவிடக் கையில் எண்ணெய் அதிகம், இதே இனத்துக் கார்கள் இரண்டு வைத்திருக்கிறார். இந்திரகுமாரின் காரில் என்ன பிழை என்று அவருக்கு மூன்றாவது உறுமலிலேயே தெரிந்துவிடும். ஸ்பானரோடு வந்து நிற்பார். "பத்து நிமிட வேலை, இந்திரா." இந்திரகுமார் மறித்துவிடுவார். "வேண்டாம் வேண்டாம், ஆறு மணிக்கு அண்ணன் சொல்லுவார்." அண்ணர் சொன்ன பிறகு, சொன்ன சொல் பிசகாமல், டாக்பின்தான் திருத்திக் கொடுப்பார். இவர் லைற் பிடிப்பார்.

புதன்கிழமைகளில் எக்கபேர்க் மேட்டில் அமெரிக்கக் கார்க் கழகத்தார் கூடுவார்கள். மடக்குக் கதிரை, சொசேஜ் புகை, நாட்டுப்புற அமெரிக்கப் பாட்டு. அங்கே இந்திரகுமார் பொனெற்றைத் திறந்துவைத்து, இடுப்பில் கை வைத்து நிற்கும் தோரணையைப் பார்த்தால் எஞ்சினை அவரே வார்த்தெடுத்தார் என்று நினைப்பீர்கள். யார் என்ன கேட்டாலும் பதில் ‘என் அண்ணன் சொல்கிறார்’ என்றுதான் தொடங்கும். காபரேற்றர் பற்றி அண்ணன் இப்படிச் சொல்கிறார், பிளக் இடைவெளி பற்றி அண்ணன் அப்படிச் சொல்கிறார். முகம் தெரியாத அந்த மனிதருக்குக் கழகத்தில் ‘ஸ்காபரோ’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பெரிய தாடிக்காரர்கள்கூட, "இதைப் பற்றி ஸ்காபரோ என்ன நினைக்கிறார்?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் இந்திரகுமாரின் முகத்தைப் பார்க்க வேண்டும், சின்னப் பிள்ளைக்குப் பரிசு கிடைத்தது போலிருக்கும்.

இவ்வளவு அழகாக நடந்து வந்த காரியத்தில் போன குளிர்காலம் மண் விழுந்தது. மண்ணைப் போட்டவர் நல்லெண்ணத்தில் போட்டார். பனிக்காலத்துக்குக் காரை நிறுத்த டாக்பின் தன் மைத்துனரின் களஞ்சியத்தில் இடம் தந்தார். ஐந்து மாதமும் அவருக்குப் பொழுது போக வேண்டுமே! ஒவ்வொரு குழாயாக, ஒவ்வொரு வயராக, காபரேற்றரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டார். மே மாதம் திறப்பைக் கையில் கொடுத்து, "இன்னும் பத்து வருடத்துக்கு உன் அண்ணனுக்குத் தொந்தரவு இல்லை" என்றார். இந்திரகுமார் அவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். மேலே வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அண்ணரின் குரலைக் கேட்டு எட்டு மாதமாகிவிட்டது. மே முழுவதும் ஒவ்வொரு நாளும் பொனெற்றைத் திறந்து வைத்துக் காது கொடுத்தார். ஒரு கிர்ர் இல்லை, ஒரு டக்டக் இல்லை. வேண்டுமென்றே கல்லுத் தெருவால் ஓட்டினார். குலுங்காமல் போனது. யூன் மாதம் கழகத்துக் கோடை விழாவில் ‘சுத்தமான சத்தம்’ என்று எஞ்சினுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். இந்திரகுமார் அதை வாங்கிக்கொண்டு இறங்கிய முகத்தைப் பார்த்து, வீட்டில் ஏதும் கெட்ட செய்தியா என்று ஒருவர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"சும்மா எடுத்துக் கதையுங்கோவன்" என்றார் ராசமலர்.

"என்னத்தைக் கதைக்கிறது? பிழை ஒண்டும் இல்லையே."

"சுகர் எப்பிடி எண்டு கேளுங்கோ."

"வைச்சிடுவார் அப்பா, வைச்சிடுவார். பேந்து அந்தக் கதவும் பூட்டுப்பட்டுப் போம்" என்றார் இந்திரகுமார்.

விழா முடிந்த நாலாம் நாள், ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு, இந்திரகுமார் கீழே இறங்கினார். டாக்பின்னின் கராஜ் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பொனெற்றைத் திறந்தார். டாக்பின் வேலை செய்யும்போது லைற் பிடித்துப் பிடித்துக் கற்ற ஒரே பாடம், எட்டுச் சிலிண்டருக்கும் எட்டுக் கறுத்த வயர் போகிறது என்பது. கைக்குக் கிட்டவாக இருந்ததைப் பிடித்து இழுத்தார். கழன்றது. பிறகு மனைவியைக் கூப்பிட்டு இருத்தினார்.

எஞ்சின் நொண்டியது. கிண்ணம் வாங்கிய எஞ்சின் இருமிக்கொண்டு, தள்ளாடிக்கொண்டு நின்றது.

"இஞ்சாருங்கோ, முந்தநாள் நல்லாத்தானே ஓடினது?"

"பேசாமல் அமத்தும்."

மணி அடித்தது. "சொல்லு" என்றது குரல். கொஞ்சம் தேய்ந்திருந்தது போலிருந்தது. இந்திரகுமார் தொலைபேசியை எஞ்சினுக்கு மேல் பிடித்தார். பிடித்த பிறகுதான் உறைத்தது. முப்பது வருடமாக எஞ்சினோடு மாரடிக்கிற மனிதருக்குக் கழன்ற வயரும் கழற்றிய வயரும் தெரியாமலா போகும்? இதோடு சரி, இனி இந்தக் குரலும் இல்லை என்று நினைத்துக்கொண்டார். காதில் வைத்தார்.

"ஏழுதான் அடிக்குது" என்றார் ஜெயரத்தினம்.

"ஓம் அண்ணை."

"போன கிழமை எட்டும் அடிச்சதோ?"

"ஓம்."

மறுமுனையில் ஸ்பானர் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. டக்கென்று வைக்கப்போகிறார் என்று இந்திரகுமார் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாத்தான் கழட்டியிருக்கிறாய், விசரா."

இந்திரகுமாரின் கண்ணீர் மூக்கு வழியாக இறங்கிக் காபரேற்றரில் விழுந்தது.

"அண்ணை, நான்..."

"சத்தம் போடாதை. அதை விடு. மூண்டு வருசமா உள்ளுக்கை இருந்து அமத்துறது ஆர்?"

"ராசமலர், அண்ணை. எப்பவும் அவதான்."

"நான் விடச் சொல்லுறதுக்கு முன்னமே விடுறா. நல்ல கால். அவவிட்டைக் குடு."

இந்திரகுமார் காரைச் சுற்றி ஓடினார். கண்ணாடிக்குள்ளால் தொலைபேசியை நீட்டினார். யாருக்கு என்று ராசமலர் கண்ணாலேயே கேட்டார். உமக்குத்தான் என்று இவர் தலையாட்டினார். அவர் ஒருகணம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு, அதை வாங்கிக் காதில் வைத்தார்.