இளகி ஓடிய கிளிசரின்

போன சனிக்கிழமை ஒரு கேக் என் உயிரை வாங்கப் பார்த்தது. சாப்பிட்ட கேக் அல்ல... நான் செய்த கேக்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் அபார்ட்மெண்டின் கீழ்மாடியில் இருப்பவள் ரஜனி. அவள் மகனுக்கு முதலாவது பிறந்தநாள். கேக் என் பொறுப்பு.

ஐசிங் போடுகிறவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் கிளிசரின் விடாவிட்டால் அது கல்லாக இறுகிவிடும். என் கிளிசரின் எப்போதோ முடிந்து, போத்தலைக் கழுவி வைத்திருந்தேன். வெறும் போத்தலை எறிய நம் ஆட்களில் யாருக்கு மனம் வரும்? அன்று அலுமாரியைத் திறந்தால், அதே போத்தல் முக்கால்வாசி நிறைந்து நிற்கிறது! என் மனுசன் சொல்லாமலே வாங்கி நிரப்பியிருக்கிறாரே என்று உள்ளம் குளிர்ந்துபோனது.

கரண்டியில் விட்டபோது வழக்கத்தைவிட இளகி ஓடியது. அடுப்பு வெக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ரஜனியின் தம்பி வந்து கேக்கை விழா நடக்கும் ஹோலுக்கு எடுத்துப் போனான். பின்னேரம் என் கணவர் டவுன்டவுனில் சமையல் வேலை முடிந்து வந்தார். நான் சேலை கட்டி முடிக்கிறேன், அவர் அலுமாரியைத் துழாவுகிறார்.

“இதில கிடந்த கிளிசரின் போத்தில் எங்கை?”

“சிங்குக்குப் பக்கத்தில. ஐசிங்குக்கு எடுத்தனான்.”

மனுசனுக்கு முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ, அதுக்குள்ள நிக்கொட்டினெல்லோ கலந்து வைச்சனான்!”

சிகரெட்டை விட்டு வேப் என்கிற மின்-சிகரெட்டுக்கு மாறியவர் அவர். கடையில் விற்கும் திரவம் தொண்டையைக் கரகரக்க வைக்கிறதாம். அதனால் வீட்டிலேயே கலப்பார். கிளிசரின் தடிப்பானது, மெஷினுக்குள் இருக்கிற பஞ்சில் சரியாக ஊறாது. கொஞ்சம் சுத்தமான தண்ணீர் விட்டு இளக்கி, நிக்கொட்டினைச் சேர்ப்பார். வாசனை எதுவும் போடுவதில்லை. பிறகு எனக்கு எப்படித் தெரியும்?

“போத்திலில என்ன எழுதியிருக்கெண்டு பாக்கேல்லையே?”

“பாத்தனான். கிளிசரின் எண்டுதான் எழுதிக் கிடக்கு!”

என்னிடம் சண்டை பிடிக்க நேரம் இல்லை. நிக்கொட்டின் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. அங்கே இருப்பதோ முழுக்கச் சின்னப் பிள்ளைகள். அழைப்புக் கார்டில் போட்டிருந்த நேரம் எப்போதோ தாண்டிவிட்டது...

ஃபோனில் பேசுவதென்றால் எனக்கு எவ்வளவு கூச்சம் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அன்று கூச்சம் எங்கே போனதோ! முதல் தடவை ரஜனி எடுக்கவில்லை. இரண்டாம் தடவை பாட்டுச் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது.

“அக்கா, எங்கை நிக்கிறியள்? இன்னும் வெளிக்கிடேல்லையோ?”

“ரஜனி, கேக் வெட்டியாச்சோ?”

“எங்கை வெட்டுறது! மாமா இன்னும் வந்து சேரேல்லை. அவர் இல்லாமல் வெட்டினால் பேந்து அம்மா என்னோட கதைக்கமாட்டா.”

“பிள்ளையள் ஆரும் ஐசிங்கை நோண்டினதுகளோ?”

“அம்மா பெட்டியைத் திறக்க விடேல்லை அக்கா. மாமாதான் திறக்கோணுமாம். ஏன் அழுறியள்?”

அழுதேனா? இருக்கலாம். நடந்ததைச் சொன்னேன்.

“நல்ல காலம் அக்கா...” என்றாள். பிறகு, “அண்ணையை ஒரு கேக் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. அவரைக் கலக்க மட்டும் விடாதேங்கோ.”

அண்ணை மறுபேச்சில்லாமல் சுப்பர்மார்க்கெட்டில் கேக் வாங்கினார். இப்போது அவருடைய சாமான்கள் எல்லாம் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள். என் வெறும் போத்தல்கள்? மனதைக் கல்லாக்கிக்கொண்டு ரீசைக்கிளிங்கில் போட்டுவிட்டேன்.

அன்று நாங்கள் ஹோலுக்குப் போய்க் கன நேரம் கழித்துத்தான் மாமா வந்தார். எல்லோரும் அவரைப் பார்த்து முணுமுணுத்தார்கள். நம் சனம் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று இதே பக்கத்தில் எத்தனை தடவை நான் புலம்பியிருப்பேன்!

கூட்டத்தில் வாய் திறக்காத நான், நேராக அவரிடம் போனேன். “வாங்கோ மாமா, நல்ல நேரத்துக்கு வந்தியள்” என்றேன், மனசார.

நக்கலடிக்கிறேன் என்று நினைத்து, மனிதர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.