முன்னறையை அடைத்த செடி

எங்கள் வீட்டு முன்னறையில் இப்போது ஃபேன் ஓடுகிறது. இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பவர்கள், புதுச்சேரியில் ஒரு மே மாதத்தை ஃபேன் இல்லாமல் கழித்துவிட்டு வந்து கேட்கட்டும். எங்கள் ஃபேனை நிறுத்தி வைத்தது மின்வெட்டு அல்ல, ஒரு செடி.

என் கணவர் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்தில், லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸைக் காலி செய்த நண்பர் ஒருவர் அதை ஒரு கணுவும் ஓர் இலையுமாக வெட்டி, தயிர் டப்பாவில் வைத்துக் கொடுத்தார். பெயர் மான்ஸ்டெரா. பச்சையில் வெள்ளை கலந்த வகை. வெள்ளையடிக்கும் இடத்தில் பக்கத்தில் நின்ற மாதிரி ஒவ்வோர் இலையிலும் வெள்ளை தெறித்திருக்கும். ஓர் இலையில் கொஞ்சம், இன்னொன்றில் பாதி. அடுத்த இலை எப்படி வருமோ என்பதுதான் அவருக்கு எந்நேரமும் நினைப்பு. சுருண்டிருக்கும் இலை விரிகிற நாளில் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பொறாமை என்பாள் மகள். பொறாமை இல்லை, எரிச்சல். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது அந்த மனிதர் நாற்காலி போட்டதில்லை.

டப்பாவில் வந்தது மண்தொட்டிக்கு மாறி, பிறகு சிமென்ட் தொட்டிக்கு மாறி, தேங்காய் நார் சுற்றிய கம்பைப் பிடித்துக்கொண்டு ஏறியது. இலை தாம்பாளம் அளவுக்கு வந்தது. கம்பு தீர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. மேல்தளத்தைத் தொட்டு, அங்கிருந்து வளைந்து ஃபேன் பக்கம் தலையை நீட்டியது. மழை முடிந்ததும் வெட்டிவிடுகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மழை முடிவதற்குள் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தவளக்குப்பத்திலிருந்து, அவள் மாமியார் வீட்டிலிருந்து, போன் வந்தது. அன்றோடு கத்திப் பேச்சு நின்றுபோனது.

காரணம் எனக்குத் தெரியும். எங்களுக்கு முதலில் உண்டான பிள்ளை தங்கவில்லை. ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அதற்குச் சில நாள் முன்பு, பின்பக்கத்து முருங்கையில் கம்பளிப்புழு அப்பிக்கொண்டிருக்கிறதென்று அவர் கிளைகளை வெட்டிச் சாய்த்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி, "புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல ஆம்பள போயி மரத்துல கத்தி வெப்பானா?" என்று அவர் காதுபடச் சொல்லிவிட்டுப் போனாள். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டது என்று டாக்டர் சொன்னதை நான் கேட்டேன். அவள் சொன்னதை அவர் கேட்டார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அடுத்து மகள் என் வயிற்றில் இருந்தபோது அவர் முடிகூட வெட்டிக்கொள்ளவில்லை. கொல்லையில் வாழைக்குலை மரத்திலேயே பழுத்து வௌவாலுக்குப் போனது.

வெட்டவும் கூடாது, வளரவும் கூடாது. இதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வெளிச்சம் குறைந்தால் வளர்ச்சி குறையும் என்று கணக்குப் போட்டு, ஜன்னலோரம் இருந்த தொட்டியை, இஸ்திரி போடுகிறவரையும் கூட்டிக்கொண்டு, பீரோ பக்கத்து இருட்டு மூலைக்கு நகர்த்தினார். செடிக்கு யார் போய்ச் சொல்வது? அது ஜன்னலைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டது. முன்பு இலைக்கும் இலைக்கும் நடுவில் நாலு விரல் இருந்த இடம் முழ நீளமானது. மூலையிலிருந்து அறையின் குறுக்கே, சரியாக ஃபேன் உயரத்தில், பாலம் போட்டது. போதாக்குறைக்கு, புதிதாக வந்த இலைகள் சின்னச் சின்னதாக, ஏறக்குறைய முழுப் பச்சையாக வந்தன. வெள்ளை குறையக் குறைய இவர் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து, ஃபேனில் மாட்டாதபடி தண்டை ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினார். ஃபேன் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார்.

வளைகாப்பு முடிந்து மகள் வந்து இறங்கினாள். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டில் காற்று வருகிற அறை அந்த முன்னறை ஒன்றுதான். அவள் அறைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ம்மா, நான் இங்க பெத்துக்க வந்தனா, காட்டுல குடியிருக்க வந்தனா?"

அவர் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். அது சுடு காற்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளியது. மகளின் கால் வீங்கியது, தூக்கம் போனது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சமையலறையில் பாத்திரங்களிடம் காட்டினேன். மகள் காரணம் கேட்டபோது முருங்கைக் கதையைச் சொன்னேன். அதுவரை அவளுக்குத் தெரியாது. கேட்டுவிட்டு, "அப்ப இருக்கட்டும்மா, நான் ஹால்ல படுத்துக்கறேன்" என்றாள்.

ஹாலில் படுத்தும் பார்த்தாள். ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் முன்னறைக்குப் போய், பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு, ரெகுலேட்டரை ஒன்றில் மட்டும் வைத்து ஃபேனைப் போட்டாள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியதாம். காற்றில் ஆடி ஆடி வேட்டித் துணியின் முடிச்சு அவிழ்ந்தது. இறக்கை ஓர் இலைக்காம்பைப் பிடித்தது. நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தபோது கம்பு சாய்ந்து, தொட்டி கவிழ்ந்து, அறை முழுக்க மண். தண்டு நடுவில் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. மகள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பயத்தில் வந்த சிரிப்பு.

அவர் வாசல்படியில் நின்றார். செடியைப் பார்க்கவே இல்லை. அவள் வயிற்றைப் பார்த்தார்.

"அசையுதா?"

"உதைக்குதுப்பா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் என்னிடம் அவரே சொன்னார். "கிழிஞ்ச எடத்துல அழுக ஆரம்பிக்கும். அழுகல் கீழ எறங்கிச்சுன்னா வேர் வரைக்கும் போயிடும். தண்டுல வெள்ளக் கோடு ஓடற கணுவா பாத்து, அதுக்கு மேல சுத்தமா வெட்டணும். அந்தக் கணுவுலருந்து வர்ற தளிர்லதான் வெள்ள இருக்கும்." தொங்கிய நாரைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டார். "வேணாம். அழுகட்டும்."

இத்தனை வருஷம் நாற்காலி போட்டுப் பார்த்த செடி. அதை அழுகட்டும் என்று சொல்கிறார் என்றால் உள்ளுக்குள் எவ்வளவு பயம் இருக்கும்? எனக்கு அந்த நிமிஷம் அவர் மேல் இருந்த கோபமெல்லாம், என்றோ செத்துப்போன அந்த உறவுக்காரி மேல் போனது.

"நான் வெட்டறேன்."

"வேணாம், சொன்னா கேளு."

"ஆம்பளதான வெட்டக்கூடாது? நான் வெட்டறேன். பாவம் வந்தா எந்தலையில வரட்டும்."

அவர் மாடிப்படியில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சேனைக்கிழங்கு நறுக்கும்போது செய்வதுபோல் இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். இந்தச் செடியின் பாலும் அதே மாதிரி அரிக்கும். மகள் தண்டைப் பிடித்துக்கொள்கிறேன் என்று வந்தாள், விரட்டினேன். வெள்ளைக் கோட்டைத் தேடினேன். மேலே நீண்டு போயிருந்த தண்டில் கோடே இல்லை, வெறும் பச்சை. இருட்டு மூலைக்குப் போவதற்கு முன் வளர்ந்த பகுதியில், என் இடுப்பு உயரத்தில், நூல் பிடித்த மாதிரி வெள்ளை ஓடியது. அங்கே வெட்டினேன். மீந்ததில் கோடு இருந்த துண்டுகளைப் பாட்டில் தண்ணீரில் போட்டேன். வெறும் பச்சையைக் குப்பையில் போட்டேன். அடிக்கட்டையைப் புதுத் தொட்டியில் நட்டு ஜன்னலோரம் வைத்தேன்.

அன்று அந்த அறையில் ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அப்பாடா என்றிருந்தது. எனக்கு மட்டும் ஒரு காபி போட்டு, யாரையும் கூப்பிடாமல் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன்.

அவருக்கு அந்த நிம்மதி வரவில்லை. தினமும் விடிந்ததும் மாதா கோயிலுக்குப் போனார். வந்ததும் மகளிடம் அசைகிறதா என்று கேட்டார். மத்தியானம் கேட்டார். கடைக்குப் போய் வந்தால் கேட்டார். கடைசியில், அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே அவள் உள்ளிருந்து "உதைக்குதுப்பா" என்று கத்தப் பழகிவிட்டாள். செடிக்குத் தண்ணீர் விட்டது நான்தான். கணுவில் ஒரு முளை வந்திருக்கிறது, கொஞ்சம் வெள்ளை கொஞ்சம் பச்சை என்று சொன்னேன். தலையை ஆட்டினார். "மொதல்ல புள்ள பொறக்கட்டும்" என்றார். எட்டிப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு காலையில் வலி கண்டது. ஆஸ்பத்திரி நடையில் நானும் அவரும் மருமகனும் உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் ஜெபமாலை இருந்தது, உதடு அசையவில்லை. கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்து, "பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றாள். மருமகன் துள்ளி எழுந்து அவள் பின்னாலேயே கதவு வரை போய், பிறகு போனை எடுத்துக்கொண்டு நடைக்கோடிக்குப் போனான்.

அவர் எழுந்திருக்கவில்லை.

"நீ கத்தி வெச்ச இல்ல?" என்றார்.

"வெச்சேன்."

"ஒண்ணும் ஆகல."

"ஆகல."

ஜெபமாலையைச் சட்டைப்பையில் போட்டார். "அப்ப, அன்னைக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"அன்னைக்கும் உங்களால ஆகலீங்க. கொடி கழுத்துல சுத்திக்கிச்சி. முருங்கைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. டாக்டரம்மாதான் சொன்னாங்களே."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"யார்ட்ட சொன்னாங்க?"

"எங்கிட்ட."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார்.

அவருக்கும் தெரியும் என்றுதான் நான் இத்தனை காலமும் இருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நடையில் போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அவர் சத்தமாக அழுதார். நான் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்து, சட்டை நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்ட நேரத்தில் நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்து, யார் கையில் கொடுப்பது என்று பார்த்தாள். மருமகன் நடைக்கோடியிலிருந்து வருவதற்குள் இவர் இரண்டு கையையும் நீட்டிவிட்டார்.