கறுப்புப் பியர் தெளியும் நேரம்

கோப்பிக்கொட்டையோடு மல்லியும் சேர்ந்து சட்டியில் கருகத் தொடங்கும்போது ஒரு வாசனை எழும். வீட்டில் அது எழும் நாட்களில் மனைவி யன்னலைத் திறக்கிறாள். நான் நினைவில், கனடாவின் பிரெஞ்சு பேசும் நகரமொன்றில், வில்லரே என்ற பகுதியில் இருந்த ஒரு பப்புக்குப் போய்விடுகிறேன். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. பங்குனி. தெருவோரப் பனி கறுத்துக் கரைந்து ஓடிக்கொண்டிருந்த மாதம்.

விமான நிலையம் இருந்த டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் குசினியில் என்னோடு நின்றவர் அண்ணை. கூடப்பிறந்தவரல்ல, வேலையிடத்து அண்ணை. கனடாவுக்கு வரும் வழியில் லண்டனில் ஒரு பப்பில் எட்டு மாதம் கிளாஸ் கழுவியவர். கருகிய கோப்பி மணக்கும் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியரை எப்படி ஊற்றவேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பக்தி ஞாயிற்றுப் பூசையில்கூட இருந்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் காலை வேலை முடிய, அதைச் சரியாக ஊற்றும் ஒரு இடத்தை நகரம் முழுக்கத் தேடினோம். ஒரே மூச்சில் ஊற்றினார்கள். பல் கூசக் குளிராகத் தந்தார்கள். "இது சவர்க்கார நுரை, ஐசே," என்று பாதியில் வைத்துவிட்டு எழும்புவார்.

வில்லரேயின் அந்தப் பப்புக்குள் நாங்கள் முதல்தடவையாக நுழைந்தது கடைசி வெள்ளியன்று. மறுநாள் அவர் குடும்பத்தோடு ரொறன்ரோ போகிறார். அங்கே எடுத்திருந்த வீட்டின் மேல்மாடி எங்களுக்கு. அப்படித்தான் பேச்சு. தை மாதம், "மேல்மாடிக்கு நீங்கள் வாறியள்தானே?" என்று கேட்டபோது, "ஓம், பாப்பம்" என்றிருந்தேன். எங்கள் ஆட்களிடம் 'பாப்பம்' என்பது, இல்லை என்பதை மனம் நோகாமல் சொல்வது. அவர் 'ஓம்'ஐ எடுத்துக்கொண்டார். நான் 'பாப்பம்'ஐ வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் நித்திரையிலும் பிரெஞ்சில் புலம்பத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை இங்கிலீஷ் பேசும் ரொறன்ரோவுக்குப் பிடுங்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அதைச் சொல்ல வாயும் வரவில்லை.

கவுண்டரில் நின்ற பெண் கிளாஸைச் சரித்து முக்கால்வாசி ஊற்றினாள். அப்படியே வைத்துவிட்டு அப்பால் போனாள். மறந்துவிட்டாளாக்கும் என்று "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கையை நீட்டினேன். அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடும் ஐசே! முதல் பந்திக்கு ஓடுற மாதிரி ஓடுறீர். தெளியட்டும்."

கிளாஸுக்குள் பழுப்பு மேகம் கீழே கீழே விழுந்துகொண்டிருந்தது. கறுப்போ அடியிலிருந்து மேலே ஏறியது. முழுக்கத் தெளிய இரண்டு நிமிடம். அதற்குள் சொன்னேன்.

"அண்ணை, நாங்கள் வரேல்லை."

அவர் கிளாஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்."

"எப்பிடி?"

"வாறவன் எண்டால் மேல்மாடிக் குசினி எவ்வளவு பெரிசெண்டு ஒருக்காலாவது கேட்டிருப்பான்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீர் உம்மட வாயால சொல்லட்டும் எண்டுதான்."

அவள் வந்து மீதியை நிரப்பினாள். நுரை விளிம்புக்கு மேலே மெல்ல உயர்ந்து, சிந்தாமல் நின்றது. அண்ணை ஒரு மிடறு குடித்து, மீசையில் வெள்ளை ஒட்ட, கண்ணை மூடினார். கனநேரம் திறக்கவில்லை.

"இவ்வளவு நாளும் பக்கத்திலயே இருந்திருக்கு, பாரும்."

மெற்றோ சுரங்க ரயில் வாசலில் பிரிந்தோம். உள்ளிருந்து வந்த காற்று அந்தக் கனத்த கதவைத் திறக்கவிடாமல் தள்ளியது.

"சம்மருக்கு வாறம் அண்ணை. அதுக்குள்ள அங்க நல்லா ஊத்துற இடமொண்டு கண்டுபிடிச்சு வையுங்கோ."

அவர் சிரித்தார். "ஓம்," என்றார். பிறகு, கதவைத் தோளால் தள்ளியபடி, "பாப்பம்."