வீராசாமி அண்ணனின் பாய்

சேன் பியேரில் எங்கள் தீவின் சுதந்திர விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வாத்தியக்காரர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும் என்று விழாச் செயலாளர் விளக்கிக்கொண்டிருந்தபோது, வயலின் வீராசாமி அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் அனுப்பிய ஆள் வந்து சொன்னார். டோலக்கைக் கீழே வைத்தேன். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணன் இருந்திருந்தால் செயலாளர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

அவரிடம் படித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாயை விரித்து, சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றிய பிறகுதான் வில்லைத் தொடுவார். "சாமி முன்னால எப்படியோ, துரை முன்னாலயும் அப்படித்தான்" என்பார்.

கரும்புத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அடிபட்ட வருடம் நடந்தது இது. அண்ணனும் அப்போது கரும்பு வெட்டுக்காரர்தான். துரை வீட்டுக் கல்யாணத்தில் நின்றுகொண்டு, வெள்ளைக்காரர்களைப் போலத் தாடையில் வைத்து வாசிக்கச் சொன்னார் மேனேஜர். மறுத்தால் தோட்டத்து வீடு பறிபோகும். அண்ணன் போனார். ஆடும் கூடத்தின் நட்டநடுவில் பாயை விரித்து உட்கார்ந்தார். மேனேஜர் எழுந்திருக்கச் சொன்னார். அண்ணன் தீவின் கிரியோல் மொழியில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்:

"மோ பா பூ லெவே, மிஸ்யே. எழுந்திருக்க மாட்டேன். ஆடுறவங்க சுத்தி ஆடட்டும்."

சுற்றித்தான் ஆடினார்கள். மறுவாரம் வீடு போயிற்று. அண்ணி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அதிலும் நியாயம் இருந்தது. பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு சாந்த் குருவாவுக்கு வந்து, வயலின் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

அங்கே கோயில் திருவிழாவில் அண்ணனோடு நான் டோலக் வாசிக்கக் கூடாது என்றார்கள் கோயில்காரர்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். அண்ணன் வாதாடவில்லை. பாயை எடுத்துப்போய் வாசலுக்கு வெளியே விரித்தார்.

"வா ஜோசேப்பு. கேக்கிறவங்க இங்க வருவாங்க."

பாதிக் கூட்டம் வெளியே வந்துவிட்டது. கடைசியில் கோயில் தலைவரே வந்து பாயின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். மூவருமாக உள்ளே போனோம்.

வயலினை மகள் வைத்துக்கொண்டாள். பாயை என்னிடம் கொடுத்தாள். ஓரம் பிய்ந்திருக்கிறது, நடுவில் அவர் உட்கார்ந்த இடம் தேய்ந்திருக்கிறது.

கொடி ஏறும்போது எழுந்து நிற்பேன், அண்ணனும் நின்றிருப்பார். அதன் பிறகு நாற்காலிகளுக்கு முன்னால் இந்தப் பாயை விரிப்பேன். செயலாளர் ஐயா, இதைப் படித்தால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: மோ பா பூ லெவே.