எனக்குத் தெரிந்த பத்து வாக்கியம்

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் என் வாய் ஓயாது. மல்லி மூட்டையைப் பிரித்து ஏலம் கூவ ஆரம்பித்தால் ரோடு வரைக்கும் கேட்கும். "ஏலே, பூவ அமுக்காதடா, என்ன வெங்காயமா அது?" என்று நான் கத்துவதைக் கேட்டுச் சிரிக்கவே சிலர் நிற்பார்கள். அப்படிப்பட்டவன், பெற்ற மகளிடம் இருபது வருடமாகப் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

அவளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்த அன்று பள்ளிக்கூடத்தில், "வீட்டிலேயும் இங்கிலீஷ்லதான் பேசணும், இல்லேன்னா பிள்ளைக்கு வராது" என்றார்கள். என்னிடம் இருந்தது பத்தாவது வரை படித்த இங்கிலீஷ். மனைவிக்கு அதுவும் கிடையாது. "எனக்கு வராதத எம்புள்ளகிட்ட எதுக்குப் பேசணும்? நீங்களே பேசிக்கங்க" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும், அவளாவது என்னைப் போல மூட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று நான் பேசினேன். கம். ஈட். ஸ்லீப். ஹோம்வொர்க் ஃபினிஷ்? வெரி குட். தப்பித் தவறித் தமிழ் வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வேன். கிறுக்குப் பய நான், வேறென்ன சொல்ல?

ஏழு வயதில் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "ஏந்தாயி, ரொம்ப நோவுதா?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. "பெய்ன்?" என்று கேட்டேன். "யெஸ்" என்றாள். பிறகு அம்மா பக்கம் திரும்பிப் படுத்து, எங்கே வலிக்கிறது, கனவில் என்ன வந்தது, நாளைக்கு என்ன வேண்டும் என்று அம்புட்டையும் தமிழில் கொட்டினாள். நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இங்கிலீஷ் தானாக வந்தது. கூடப் படித்த பிள்ளைகளிடம் வாயாடியே கற்றுக்கொண்டாள். என்னுடையது அந்தப் பத்து வாக்கியத்திலேயே நின்றுவிட்டது. எனக்குப் புரிய வேண்டுமே என்று அவளும் என்னிடம் சின்னச் சின்னதாகப் பேசப் பழகிவிட்டாள்.

இப்போது அவளுக்குப் பெங்களூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். மனைவி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிப்பாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள், சிரிப்பார்கள். நான் பேப்பர் படிப்பது மாதிரி உட்கார்ந்து கேட்பேன். என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படி ஒட்டுக்கேட்டதுதான்.

போன ஐப்பசியில் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது போன் எனக்கு வருகிறது.

"டிட் யூ ஈட், அப்பா?"

"யெஸ்."

"டேப்லட்?"

"டேக்கன்."

"ஓகேப்பா. டேக் கேர்."

ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்புறம் வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. தாங்க முடியவில்லை. போன ஞாயிறு, வருவது வரட்டும் என்று துணிந்துவிட்டேன்.

"தாயி, அப்பாவுக்கு இங்க தனியா இருக்க ஏலல. செத்த நேரம் பேசிக்கிட்டு இரேன். ஆபீஸ்ல என்ன நடந்துச்சு, என்ன சாப்ட்ட, எதையாச்சும் சொல்லு."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். பிறகு அவள் தமிழிலேயே, மெதுவாக, அவள் அம்மாவின் இழுவை அப்படியே இருக்க, சொன்னாள்:

"வேணாம்ப்பா. இங்கிலீஷ்லயே பேசுங்க. நீங்க தமிழ்ல பேசுனா யாரோ வேத்து ஆளு பேசுற மாதிரி இருக்குப்பா."

அழுகிறாளா என்று தெரியவில்லை. மார்க்கெட்டையே கூட்டும் வாய் அந்தப் பத்து வாக்கியத்துக்கே திரும்பியது.

"ஓகே," என்றேன். "ஈட் வெல்."